யோகக்ஷேமமும் நியாயஸ்தலமும்

இந்திய ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனின் இலச்சினையில் ஒரு தீபச் சுடரும், காற்றில் அது அவிந்துவிடாதபடி இரு புறமும் காத்து நிற்கும் இரண்டு கைகளும், அவற்றின் கீழே கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்திலிருந்து எடுத்த ஒரு வாசகமும் பொறிக்கப்பட்டிருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வேறொன்றையும் எண்ணாமல் தன்னையே நினைத்திருக்கும் பக்தர்களுடைய யோகக்ஷேமத்தைத் தானே சுமப்பதாகக் கண்ணன் அர்ஜுனனுக்குக் கொடுத்த வாக்கு அது. இல்லாததைக் கிடைக்கச் செய்வது யோகம், கிடைத்ததைக் காத்துத் தருவது க்ஷேமம் என்று சங்கரர் அதற்குப் பொருள் விரித்திருக்கிறார். 1956 ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதியன்று, அதுவரை தனித்தனியே நடந்துவந்த 245 கம்பெனிகளையும் சங்கங்களையும் ஒன்றாக்கி அந்த ஸ்தாபனத்தை நிறுவியபோது, பட்டணத்துக் கனவான்களோடு நின்றுவிட்ட இந்தக் காவல் கிராமத்துக் குடியானவனின் வீடு வரைக்கும் போய்ச் சேரவேண்டும் என்பதே அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது.

இன்று அரசாங்கத்துடையதும் தனியாருடையதுமாகப் பல கம்பெனிகள் இந்தத் தொழிலை நடத்துகின்றன. எந்தக் கம்பெனியானாலும் அது விற்கும் பண்டம் ஒரு வாக்குறுதிதான். அரிசிக் கடையில் பணத்தைக் கொடுத்தால் அரிசி அப்போதே கைக்கு வருகிறது. இங்கேயோ பணம் இன்று போகிறது, அதற்குரிய பண்டம் பல வேளைகளில் பணம் கட்டியவன் கண்மூடிய பிறகு அவன் பெண்டுபிள்ளைகளிடம் வந்து சேரவேண்டியிருக்கிறது. அப்போது வாங்கியவன் தான் வாங்கியதைத் தன் கண்ணால் காண்பதே இல்லை. அவ்வளவு நம்பிக்கையின்மேல் நிற்கும் ஒரு வாக்குறுதி, தேவைப்பட்ட நாளில் மறுக்கப்படுமானால், அதை வெறும் கொடுக்கல் வாங்கல் தகராறு என்று தள்ளிவிட முடியாது. அது தர்மத்தைப் பற்றிய கேள்வியாகவே எழுந்து நிற்கிறது.

மறுப்புக் கடிதம் பெரும்பாலும் சுருக்கமாகவே இருக்கும். பாலிசி எடுத்தபோது தமக்கிருந்த வியாதியை இறந்தவர் தெரிவிக்கவில்லை, ஆகையால் கிளெயிம் நிராகரிக்கப்படுகிறது என்ற அளவில் அது முடிந்துவிடும். துக்கம் ஆறாத வீட்டில் அந்தக் கடிதத்தைச் சுற்றி உட்கார்ந்து உறவினர்கள் சொல்லும் புத்திமதியும் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் ஒரே மாதிரியாகத்தான் இருக்கிறது. மனிதரே போய்விட்டார், பணம் எந்த மூலைக்கு, நாம் கொடுத்துவைத்தது அவ்வளவுதான், செத்தவர் பெயரைச் சொல்லிக் கோர்ட்டுப் படி ஏறுவது குடும்பத்துக்கு அழகா, பகவான் பார்த்துக்கொள்வார். இவை கெட்ட எண்ணத்தில் பிறந்த வார்த்தைகள் அல்ல. நம் நாட்டில் காலம் காலமாகப் போற்றிவந்த பற்றின்மையின் எதிரொலிகளே அவை. ஆகையினாலேயே அவற்றை விசாரித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது: மறுக்கப்பட்ட இன்ஷூரன்ஸ் தொகைக்காக ஒரு வக்கீலை அமர்த்திப் போராடுவது ஆசையின் செயலா, அல்லது கடமையின் செயலா?

இன்ஷூரன்ஸ் செய்வதே தெய்வ நம்பிக்கைக்குக் குறைவு என்று கருதிய மகான்கள் இருந்திருக்கிறார்கள். காந்தியடிகள் பம்பாயில் வக்கீலாக இருந்த காலத்தில், ஓர் ஏஜெண்டின் பேச்சுக்கு இணங்கிப் பத்தாயிரம் ரூபாய்க்கு ஆயுள் பாலிசி ஒன்று எடுத்தார். பின்னர் தென்னாப்பிரிக்காவில் கீதையை ஆழ்ந்து பயின்றபோது, தம்மையும் தம் மனைவி மக்களையும் படைத்த ஈசனே அவர்களைக் காப்பான் என்ற உறுதி பிறந்து, அந்தப் பாலிசி காலாவதியாகும்படி விட்டுவிட்டதாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இஸ்லாமிய சட்ட அறிஞர்களும் இலாபத்துக்காக நடத்தப்படும் இன்ஷூரன்ஸில் நிச்சயமின்மையும் வட்டியும் கலந்திருப்பதை எடுத்துக் காட்டி, 1985 ஆம் ஆண்டு ஜெட்டாவில் கூடிய சர்வதேச சபையில் அதனை ஆகாதென்று விலக்கினார்கள். ஆனால் ஒருவர்க்கொருவர் உதவும் பொருட்டுக் கூடி நிதி சேர்த்துக்கொள்ளும் முறையை அவர்களே ஏற்றுக்கொண்டார்கள். ஸ்காட்லாந்திலோ, கடவுள் பணிக்கே வாழ்வை ஒப்புவித்த சபைப் போதகர்கள்தாம் 1744 ஆம் ஆண்டில், இறந்த போதகர்களின் விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் உதவ, ஜனன மரணக் கணக்குகளை ஆராய்ந்து, ஒரு நிதியை ஏற்படுத்தினார்கள். தெய்வத்தை நம்புவதும், தெய்வம் கொடுத்த புத்தியைக்கொண்டு பலர் கூடி ஒருவன் சுமையைத் தாங்குவதும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல என்று அவர்கள் கண்டார்கள். நம் தேசத்துச் சாமானிய மனிதன் பல்லைக் கடித்துக்கொண்டு பிரீமியம் கட்டுவதும் அந்த எண்ணத்தில்தான்.

இனி, இந்த ஒப்பந்தத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். மற்ற வியாபாரங்களில் விற்பவன் தன் சரக்கின் குறையைச் சொல்லாமல் இருந்தாலும், வாங்குபவன்தான் விழிப்பாயிருந்திருக்க வேண்டும் என்று சட்டம் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்ளும். இன்ஷூரன்ஸில் மட்டும் பூரணமான நல்லெண்ணத்தை, ஒளிவு மறைவற்ற சத்தியத்தை, அது இரு தரப்பாரிடமும் கேட்கிறது. 1766 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரதம நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு தீர்ப்பளித்த ஒரு வழக்கிலிருந்து இந்த விதி தெளிவாகத் தொடங்குகிறது. சுமாத்ராவிலிருந்த மார்ல்பரோ கோட்டையின் கவர்னர், அந்தக் கோட்டை ஐரோப்பியப் பகைவர் கையில் வீழ்ந்தால் தமக்கு ஈடு வேண்டும் என்று இன்ஷூர் செய்திருந்தார். பிரெஞ்சுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கோட்டையின் பலவீனத்தை அவர் சொல்லாமல் மறைத்தார் என்று இன்ஷூர் செய்துகொடுத்தவர் பணம் தர மறுத்தார். ஒப்புக்கொள்ளும்போது தாமே எளிதில் ஊகித்திருக்கக்கூடியதையும் கேட்டறிந்திருக்கக்கூடியதையும் கேளாமல் விட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டவர், நஷ்டம் வந்தபின் மறைத்தாய் என்று சொல்லித் தப்பமுடியாதென்று நீதிபதி கவர்னருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். நல்லெண்ணம் இரு பக்கமும் பிணைக்கும் கயிறு என்பதே அதன் சாரம். நம் உச்ச நீதிமன்றமும் 2021 ஆம் ஆண்டில், தமக்கு நீரிழிவு உண்டென்று சொல்லியே பாலிசி எடுத்த ஒருவருக்கு அயல்நாட்டில் மாரடைப்பு வந்தபோது கம்பெனி மறுத்ததைச் செல்லாதென்று தள்ளியது. தெரிந்தே ஏற்றவர், தெரிந்ததைக் காரணம் காட்டிப் பின்வாங்கலாகாது என்ற பழைய தர்மத்தையே அது மறுபடி நிலைநாட்டியது.

இந்தச் சத்தியம் நடைமுறையில் எப்படி எழுதப்படுகிறது என்பதையும் சற்று அருகில் சென்று காண்போம். வக்கீலின் மேஜைமீது ஒரு மஞ்சள் பையிலிருந்து பாலிசிப் பத்திரமும், நூலால் கட்டிய பிரீமிய ரசீதுகளும், மரணச் சான்றிதழும் எடுத்து வைக்கப்படுகின்றன. அவற்றோடு கம்பெனியிடமிருந்து கேட்டு வாங்கிய பிரபோசல் பாரத்தின் நகலைச் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது பல வேளைகளில் ஒரே காட்சிதான் தென்படும். கேள்விகள் இங்கிலீஷில் அச்சாகியிருக்கும். இருதய நோய் உண்டா, காசம் உண்டா, நீரிழிவு உண்டா, ஆஸ்பத்திரியில் தங்கியதுண்டா என்று வரிசையாக இறங்கும் அத்தனை கேள்விகளுக்கும் எதிரே, ஒரே பேனாவால், ஒரே வேகத்தில், இல்லை இல்லை என்று ஏஜெண்டின் கை எழுதிக்கொண்டு போயிருக்கும். அடியில் மட்டும், பழக்கமில்லாத விரல்கள் அழுத்தி அழுத்தி எழுதிய தமிழ்க் கையெழுத்து ஒன்று சாய்ந்து கிடக்கும். படித்துச் சொல்லி விளக்கினேன் என்று வேறொருவர் செய்த உறுதிமொழியும் பக்கத்தில் இருக்கும். யார் படித்தார்கள், யார் விளக்கினார்கள், கையெழுத்திட்டவருக்கு என்ன விளங்கியது என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில் இல்லை. அதைச் சொல்லக்கூடிய ஒருவர் இப்போது உயிரோடும் இல்லை.

இங்கேதான் விஷயத்தின் கரு இருக்கிறது. 1938 ஆம் ஆண்டின் இன்ஷூரன்ஸ் சட்டத்தில் 45 ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. 2015 ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் அது சொல்வது இது: பாலிசி வழங்கப்பட்டு, அல்லது காலாவதியானபின் புதுப்பிக்கப்பட்டு, மூன்று வருஷங்கள் கழிந்துவிட்டால் அந்த ஆயுள் பாலிசியை எக்காரணம் கொண்டும் கம்பெனி கேள்வி கேட்க முடியாது. மூன்று வருஷத்துக்குள் மோசடி என்று சொல்லி மறுக்கலாம். ஆனால் எந்தக் காரணத்தால், எந்த ஆதாரத்தால் மறுக்கிறோம் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மோசடி இல்லாத வெறும் தவறான தகவல் என்றால், கட்டிய பிரீமியத்தைத் தொண்ணூறு நாட்களுக்குள் திருப்பித் தரவேண்டும். இவ்வளவும் நியாயமாகவே இருக்கிறது. ஆயினும் அதே பிரிவு, பாலிசிதாரர் உயிரோடில்லாதபோது மோசடி இல்லை என்று நிரூபிக்கும் பாரத்தைப் பயன்பெற வேண்டியவர்கள் தலையில் வைக்கிறது. அதாவது, பேச முடியாத ஒருவர்மேல் பொய்யன் என்ற பழி சுமத்தப்படுகிறது. அந்தப் பழியைத் துடைக்க வேண்டியவள் அவருடைய விதவை.

தமிழர்களுக்கு இது புதிய நிலைமை அல்ல. பாண்டியன் சபையில் போய் நின்ற கண்ணகி பொன்னையும் கேட்கவில்லை, புகலிடத்தையும் கேட்கவில்லை. இறந்துபோன கணவன் கள்வன் அல்லன் என்பதையே அவள் சொல்ல வந்தாள். சொன்னதோடு நில்லாமல், தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று சொல்லி, அரசியின் சிலம்பில் முத்து என்பதை அரசன் வாயாலேயே வரவழைத்து, உடைத்துக் காட்டினாள். கண்ணீரோடு வந்தவள் கையில் பிரமாணமும் கொண்டுவந்தாள். அவளுக்குச் சபையில் பேசத் தெரிந்திருந்தது, வக்கீல் தேவைப்படவில்லை. பிரிவும் உட்பிரிவும் நிறைந்த இக்காலத்துச் சபையில் அவ்வாறு தானே பேசிக்கொள்ள எத்தனை பெண்களால் முடியும்? ஆகவே மறுப்புக் கடிதம் வந்த வீட்டில், பணம் எந்த மூலைக்கு என்று கேட்பவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். கிளெயிமைக் கைவிடுவது பணத்தைக் கைவிடுவதோடு நிற்பதில்லை. அவர் பொய் சொல்லித்தான் பாலிசி வாங்கினார் என்ற குற்றச்சாட்டுக்கு மௌனத்தினால் சம்மதம் கொடுப்பதாகவும் அது ஆகிறது. உண்மையுள்ள மனிதனுக்குச் செய்யவேண்டிய பிதிர்க்கடன்களில் அவன் சொல்லைக் காப்பாற்றுவதும் ஒன்று.

பற்றின்மை என்ன ஆயிற்று என்று கேட்கலாம். துறப்பு என்பது தன்னுடையதைத் துறப்பது. பிறருடைய பொருளை விட்டுக்கொடுப்பவனுக்குத் துறவி என்று பெயரில்லை. விதவையின் கையில் வரவேண்டிய தொகையில் குழந்தைகளின் பள்ளிக்கூடச் சம்பளம் இருக்கிறது, வயதான மாமியாரின் மருந்து இருக்கிறது. இவற்றையெல்லாம் வேண்டாமென்று சொல்ல அவளுக்கு ஏது அதிகாரம்? நாமினி என்று பாலிசியில் பெயர் எழுதப்பட்டவர் வாரிசுகளின் பொருட்டுத் தொகையைப் பெற்றுக்கொள்ள அனுமதிக்கப்பட்ட கை மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1984 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. 2015 ஆம் ஆண்டுத் திருத்தம் பெற்றோரும் துணைவரும் மக்களும் நாமினியாக இருந்தால் அவர்களுக்கே அந்த உரிமையைக் கொடுத்திருப்பது உண்மை; ஆனாலும் மனச்சாட்சியின் நியாயஸ்தலத்தில் பழைய தீர்ப்பே இன்னும் செல்லுபடியாகும். கீதை சொல்லும் அபரிக்கிரகத்தை, அதாவது உடைமையற்றிருத்தலை, குடும்பத்தில் இருந்துகொண்டு எப்படி அனுஷ்டிப்பது என்று காந்தியடிகள் தவித்தபோது, அவருக்கு வழி காட்டியது அவர் படித்த ஆங்கிலச் சட்டமே. தர்மகர்த்தா தன் வசம் கோடி கோடியாக இருந்தாலும் அதில் ஒரு காசையும் தன்னுடையதென்று கருதுவதில்லை என்ற தத்துவத்தில் அவர் அபரிக்கிரகத்தின் பொருளைக் கண்டார். அந்தத் தர்மகர்த்தா தனக்கென ஒன்றும் விரும்பாதவன்தான். ஆனால் சொத்தைப் பிறர் அபகரிக்கும்போது, பற்றில்லை என்று சொல்லிச் சும்மா இருந்தால் அவன் தர்மகர்த்தாவாக இருக்கத் தகுதியற்றவனாகிறான். காந்தியடிகள் தம் பாலிசியை விட்டது தமக்கும் ஈசனுக்கும் இடையே எழுந்த ஒரு விரதம். அதை இன்னொருத்தியின் குழந்தைகள் தலையில் சுமத்த எந்த உறவினருக்கும் உரிமை இல்லை.

கோர்ட்டுப் படி ஏறுவது தெய்வத்துக்கு அடுக்காது என்பவர்கள் பெரிய புராணத்தின் தொடக்கத்தையே மறந்துவிடுகிறார்கள். கல்யாணப் பந்தலில் கிழ வேதியராக வந்து நின்ற சிவபெருமான், சுந்தரரின் பாட்டனார் எழுதிக் கொடுத்த அடிமை ஓலை தம்மிடம் இருப்பதாகச் சொன்னார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்தபோது, அது நகல்தான், மூல ஓலையைச் சபையில் காட்டுவேன் என்று திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்கே வழக்கைக் கொண்டுபோனார். ஆட்சி, ஆவணம், காட்சி என்ற மூன்று வகைப் பிரமாணமும் அங்கே பேசப்பட்டன. பாட்டனாரின் வேறொரு கையெழுத்தைத் தருவித்து ஓலையோடு ஒத்துப் பார்த்த பிறகே சபையார் தீர்ப்புச் சொன்னார்கள். எல்லாம் வல்லவனே தன் உரிமையை ஓர் ஆவணத்தால் நிரூபித்து, மனிதர் கூடிய சபையின் தீர்ப்புக்குக் காத்திருந்தான் என்று நம் முன்னோர் பக்தியோடு பாடியிருக்கும்போது, ஒரு விதவை தன் கணவனின் ஆவணத்தோடு சபைக்குப் போவது பக்திக்குக் குறைவென்று எப்படிச் சொல்வது? எழுதிக் கொடுத்தவர் இறந்துபோனாலும் அவர் கையெழுத்து உயிரோடு இருக்கிறது என்பதே அந்தச் சபை ஏற்றுக்கொண்ட நியாயம்.

வக்கீலின் தர்மத்தையும் சொல்லாமல் விடுவது சரியாகாது. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் வியாபாரி தாதா அப்துல்லாவின் வழக்கைக் கவனித்தபோது, காந்தியடிகள் இரு கட்சியாரையும் மத்தியஸ்தத்துக்கு இணங்கச் செய்து, வென்ற கட்சியைத் தவணைமுறைக்கும் சம்மதிக்க வைத்து, பிரிந்து நின்றவர்களைச் சேர்ப்பதே வக்கீலின் உண்மையான வேலை என்று தெளிந்தார். அப்படிப்பட்ட வக்கீல் வருகிறவரிடம் முதலில் கேட்பது எவ்வளவு தொகை என்பதை அல்ல. உண்மையில் வியாதி இருந்ததா, அவருக்குத் தெரியுமா, ஏஜெண்டிடம் சொன்னாரா என்பதையே கேட்பார். தெரிந்தே மறைத்தது உண்மையானால், வழக்கு வேண்டாம் என்று சொல்லும் துணிவும் அவருக்கு வேண்டும். 1962 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், அன்றிருந்த 45 ஆவது பிரிவின்படி, முக்கியமான விஷயத்தில் பொய், ஏமாற்றும் எண்ணம், பொய் என்ற அறிவு என்ற மூன்றும் சேர்ந்தால்தான் இரண்டு வருஷம் கழிந்த பாலிசியை ரத்து செய்யலாம் என்று வகுத்தது. அந்த வழக்கிலோ மூன்றும் இருக்கக் கண்டு பணம் கேட்டவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அதுவும் தர்மமே. கம்பெனியின் பெட்டியில் இருப்பது முதலாளியின் பணம் என்று எண்ணுவது பிழை; அது ஆயிரக்கணக்கான பிற குடும்பங்கள் தங்கள் இடருக்கென்று சேர்த்து வைத்த பணம். பொய்க் கிளெயிம் அவர்கள் வீட்டு உலையில் கைவைக்கிறது. உண்மைக் கிளெயிமை மறுப்பதோ அந்த நிதி எதற்காக ஏற்பட்டதோ அந்தக் காரணத்தையே கொன்றுவிடுகிறது. இரு பக்கமும் பிறர் பொருளுக்குக் காவல் நிற்கிறார்கள் என்பதை வக்கீலும், கம்பெனி அதிகாரியும், வழக்காடுபவரும் மறவாதிருந்தால் வழக்குகளில் பாதி தாமாகவே தீர்ந்துவிடும்.

செய்யவேண்டிய முறைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவது நலம். மறுப்பின் காரணத்தையும் ஆதாரத்தையும் எழுத்தில் கேட்டு வாங்கி, பிரபோசல் பாரத்தின் நகலையும் பெற்று, முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கே முறையீடு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், ஒரு வருஷத்துக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். ஐம்பது லட்சம் ரூபாய் வரையிலான தகராறுகளை அவர் விசாரிக்கிறார், கட்டணம் இல்லை, அங்கே வக்கீலுக்கும் இடமில்லை, அவருடைய தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு வருஷத்துக்குள் போகவேண்டும். அங்கே சாட்சியமும் சட்ட வாதமும் வருவதால் வக்கீலின் துணை பெரிதும் பயன்படும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்ற பெண்கள், 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவு என்ற கேள்வியின்றி இலவச சட்ட உதவி பெற உரியவர்கள். மாவட்ட நீதிமன்றத்திலேயே அந்த ஆணைக்குழு இருக்கிறது. கிடைக்கும் தொகையில் இத்தனை பங்கு எனக்கு என்று பேசும் வக்கீலிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அப்படிப் பேசுவதைப் பார் கவுன்சிலின் விதிகளே தடுக்கின்றன.

யோகக்ஷேமத்தைச் சுமப்பவன் பகவான் என்பதில் ஐயமில்லை. அவன் சுமப்பதும் மனிதர்களின் கைகளைக்கொண்டுதான். வாக்குக் கொடுத்த கை பின்வாங்கும்போது, அதை நியாயத்தின் முன் நிறுத்திக் கேட்பது அவன் பணியில் ஒரு பகுதியே என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே வாசகர்களை வேண்டிக்கொள்கிறேன்: பாலிசி எடுக்கும்போது பாரத்தின் ஒவ்வொரு கேள்வியையும் உங்களுக்குத் தெரிந்த பாஷையில் படிக்கச் சொல்லிக் கேட்டு, உண்மையான விடையை எழுதச் செய்து, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள், பத்திரம் கைக்கு வந்ததும் அதில் உள்ளது சரிதானா என்று பாருங்கள், பிடிக்காவிட்டால் முப்பது நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். அவ்வாறு உண்மை சொல்லி எடுத்த பாலிசியின் தொகை உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மறுக்கப்பட்டால், விதி என்று சொல்லி அந்தக் குடும்பத்தின் வாயை அடைக்காமல், காகிதங்களை எடுத்துக்கொண்டு ஒரு நல்ல வக்கீலிடம் அவர்களை அழைத்துச் செல்லுங்கள்.